வெள்ளம் வடிந்த கிராமத்தில் மீட்டெடுப்புப் பணி: எது முதலில், எது பிறகு

தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் போன்ற வடசென்னைப் பகுதிகளிலிருந்து குழுவாகப் புறப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்ய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு, ஆரணியாற்றின் கரையிலும் கொசஸ்தலையாற்றின் கரையிலும் உள்ள ஊர்களில் எங்கள் குழு சில மாதங்கள் வேலை செய்தது. உயிர் மீட்பும் முதல் இரண்டு நாள் உணவும் இங்கே பேசப்படவில்லை. தண்ணீர் வடியத் தொடங்கிய பின் செய்ய வேண்டிய வேலைகள் மட்டுமே இதில் உள்ளன.

புதிதாக வரும் குழுக்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. புறப்படும் முன்

முதலில் அந்த ஊரில் ஒருவரிடமாவது பேசுங்கள். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி ஆகிய மூவரில் ஒருவர் கிடைத்தாலும் போதும். என்ன தேவை என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏற்கெனவே என்னென்ன வந்து சேர்ந்துவிட்டன என்றும், எந்தத் தெருவுக்கு எதுவும் வரவில்லை என்றும் கேளுங்கள். பிரதான சாலையை ஒட்டிய தெருவில் நான்கு வண்டிச் சாப்பாடு குவிந்திருக்கும் நேரத்தில், வயலைத் தாண்டிய குடியிருப்பில் ஒரு வேளைச் சோறும் போய்ச் சேராமல் இருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் பார்த்தோம்.

ஊறிப்போன மண்சாலையில் லாரியைக் கொண்டுபோகாதீர்கள். சாலையும் கெடும், வண்டியும் புதையும். ஆட்கள் கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ இறங்கலாம். சாமான்களுக்குக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று போதுமானது.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணிக்கையைவிடக் கைத்தொழிலைப் பாருங்கள். வடசென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. விசைப்படகு இன்ஜினைப் பிரித்து மாட்டும் காசிமேட்டு மெக்கானிக் ஒருவர், சேற்றில் மூழ்கிய பம்புசெட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவைப்பது, இருபது பேர் ஒரு நாள் முழுவதும் பொட்டலம் கொடுப்பதைவிட ஊருக்கு நீண்ட நாள் உதவும். ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு கொத்தனார், தெளிவாக மனு எழுதத் தெரிந்த ஒருவர் ஆகியோர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பாரிமுனை மொத்தக் கடைகளில் கனமான தார்ப்பாய், நைலான் கயிறு, கம்பூட், ரப்பர் கையுறை, மண்வெட்டி, பாண்டு, வாளி ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் புதிதாகவும், உறை பிரிக்காததாகவும் இருக்க வேண்டும். திறந்து கிடந்த தூளில் குளோரின் பறந்துபோய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். குளோரின் சோதனைப் பெட்டி, அளவு நாடா, நீளமான கணக்கு நோட்டு, தண்ணீர் புகாத உறைகள் ஆகியவையும் தேவை. பழைய துணி வேண்டாம். அதைப் பிரித்து அடுக்கவே இரண்டு நாள் போகும், பெரும்பகுதி ரோட்டோரத்தில் ஈரமாகக் கிடந்து அழுகும். புதிய உள்ளாடைகளும் சானிட்டரி நாப்கின்களும்தான் யாரும் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் உடனே தேவைப்படும் பொருட்கள்.

சேற்றில் இறங்கும் ஒவ்வொருவரும் முன்னதாகவே டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை பற்றி அரசு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

2. முதல் நாள் பட்டியலுக்கு மட்டும்

முதல் நாளில் எதையும் கொடுக்காமல் ஊரை நடந்து சுற்றுங்கள். கோயில் தெருவிலோ ஊராட்சி அலுவலகத்திலோ தொடங்காமல், ஊரின் மிகத் தாழ்வான இடத்திலிருந்து தொடங்குங்கள். ஆற்றோரமும் ஏரிக்கரையோரமும் உள்ள இருளர் குடியிருப்புகள், காலனி, வாடகைக் குடிசைகள் ஆகியவைதான் முதலில் மூழ்கியிருக்கும். பட்டியலில் கடைசியாக வருவதும் அவைதான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி ஒதுக்கி, குடும்பத் தலைவர் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, வீட்டின் வகை, தண்ணீர் ஏறிய உயரம், சொந்த நிலமா குத்தகை நிலமா கூலி வேலையா என்பது, மாடு, ஆடு, படகு, வலை, தொலைந்த அட்டைகள் ஆகியவற்றை எழுதுங்கள். குத்தகை என்ற பத்தியை விட்டுவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தவறும், ஏனெனில் நிவாரணம் பட்டாவைப் பின்பற்றிப் போகிறது. நட்டமோ உழுதவரிடம் தங்கிவிடுகிறது.

அன்று மாலை ஊர் கூடும் இடத்தில் அந்தப் பட்டியலை உரக்கப் படியுங்கள். விடுபட்டவர்களின் பெயரை அக்கம்பக்கத்தாரே எடுத்துச் சொல்வார்கள். எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘எழுதிக்கொண்டோம், வியாழக்கிழமை வந்து சொல்கிறோம்’ என்று சொல்லுங்கள். அந்த வியாழக்கிழமை தவறாமல் போய் நில்லுங்கள்.

3. சேற்றை அள்ளும் முன் சேதத்தைப் பதிவு செய்தல்

எங்கள் குழு செய்த பெரிய தவறு இந்தப் படியில்தான் நேர்ந்தது. வந்த மறுநாளே ஒரு தெரு முழுவதும் இறங்கிச் சேற்றை வாரி, சுவரைக் கழுவி, நனைந்த பாயையும் தானியத்தையும் குவித்து அப்புறப்படுத்தினோம். நான்கு நாட்களுக்குப் பிறகு கணக்கெடுக்க வந்தவர்களுக்கு அந்தத் தெருவில் சேதமே தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் சேறு அப்படியே கிடந்ததால் அங்கே உள்ளவர்களின் பெயர்கள் ஏறின. எங்களை நம்பி வீட்டைத் திறந்துவிட்ட குடும்பங்களுக்கு அந்த இழப்பு எங்களால் வந்தது.

ஆகவே படம் எடுத்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும். தேதி, நேரம், இருப்பிடம் ஆகியவை படத்தின் மேலேயே பதியும் செயலியை மொபைலில் நிறுவிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குக் குறைந்தது நான்கு படங்கள் வேண்டும்: கதவு எண் தெரியும்படி வெளியிலிருந்து ஒன்று, சுவரில் உள்ள நீர்க்கோட்டுக்கு அருகே அளவு நாடாவைப் பிடித்து ஒன்று, உள்ளே சேதமான பொருட்களுடன் ஒன்று, வீட்டுக்காரர் அங்கே நிற்கும்படி ஒன்று.

வயலுக்குச் சர்வே எண்ணை எழுதி, பம்புசெட், மின்கம்பம் போன்ற அசையாத அடையாளம் ஒன்று படத்தில் வரும்படி எடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் எடுத்த படம் யாருடைய வயலுக்கும் சான்றாகாது. படகுக்குப் பதிவு எண் தெரிய வேண்டும்.

செத்த மாட்டையும் ஆட்டையும் நாற்றம் தாங்காமல் உடனே புதைத்துவிடுகிறார்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுக்காத இறப்புக்கு நிவாரணம் கிடைப்பது மிகவும் கடினம். முதலில் 1962 என்ற எண்ணிலோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ சொல்லி, பரிசோதனை முடிந்த பின், கிணற்றுக்குத் தொலைவில் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள்.

தொகைகள் ஒவ்வொரு பேரிடருக்கும் வரும் அரசாணையைப் பொறுத்து மாறும். மிக்ஜாமுக்குப் பின் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி, சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய், 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசன நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதாவது ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் குறைவு. இது போட்ட முதலீட்டை மீட்டுத் தராது என்றாலும், அடுத்த நடவுக்கு உழவுக்கூலியும் விதையும் இந்தப் பணத்திலிருந்துதான் வரும்; அதனால் ஒரு படத்தால் இது தவறிப்போகக் கூடாது.

4. வீட்டுக்குள் இறங்குதல்

மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே உள்ளே போக வேண்டும். பெட்டியே நனைந்திருந்தால் அதைத் தொடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குத் தகவல் சொல்லுங்கள். தரை காய்ந்துவிட்டது என்பதால் சுவருக்குள் ஓடும் ஒயர் காய்ந்துவிட்டதாகக் கருதக் கூடாது.

ஊறிய மண்சுவர் தண்ணீர் வடிந்த பிறகும் சரியக்கூடும். சுவரின் அடிப்பகுதி கரைந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துவிட்டு, முட்டுக் கொடுத்த பின் உள்ளே செல்லுங்கள். விறகுக் குவியல், ஓலைச் சரிவு, கவிழ்ந்த அண்டா ஆகியவற்றுக்கு அடியில் பாம்பு ஒதுங்கியிருக்கும். கையை நுழைக்காமல் நீளக் கம்பால் புரட்டுங்கள். பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனை எது என்பதை வேலை தொடங்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். கடித்தால் இறுகக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

5. கிணற்றைச் சுத்தப்படுத்துதல்

கிணற்றில் பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கவிழ்த்துவிட்டு, வேலை முடிந்ததென்று போய்விடுகிறார்கள். தூள் அடியில் போய்ப் படிந்துவிடுகிறது. மேல் நீர் அப்படியே இருக்கிறது. இரண்டு நாள் அந்த நீரின் நாற்றம் தாங்காமல், ஊர் மக்கள் குட்டைத் தண்ணீருக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் மிதக்கும் குப்பையையும் செத்த உயிர்களையும் எடுங்கள். பிறகு நீரை இறைக்க வேண்டும். ஆனால் சுற்றுமண் ஊறியிருக்கும்போது ஒரேயடியாக வற்றடிக்கக் கூடாது. வெளியே அழுத்தமும் உள்ளே வெறுமையும் இருந்தால் கிணற்றின் உறை (உட்சுவர்) சரிந்துவிடும். பாதி இறைத்து, ஊற விட்டு, மீண்டும் இறைப்பதே பாதுகாப்பானது. டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகை உள்ளே இறங்கும் மனிதரைக் கொன்றுவிடும். இன்ஜின் வெளியே இருக்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

அடுத்து அளவு. கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது தெளிந்த நீருக்கான அடிப்படை அளவு. அதன்படி இந்தக் கிணற்றுக்குச் சுமார் 24 கிராம். வெள்ள நீர் கலந்த கிணற்றில் கலங்கலே குளோரினைத் தின்றுவிடுவதால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பிடிக்கலாம். எவ்வளவு என்பதைச் சோதனைதான் சொல்லும்.

தூளை வாளியில் சிறிது நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேல் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றின் நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாகப் பலமுறை அசைத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைப் பெட்டியால் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் போதுமானது. இல்லையென்றால் மீண்டும் செய்யுங்கள். சோதனைப் பெட்டியை ஊரில் ஒருவரிடம் கொடுத்து, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

பழவேற்காட்டுப் பக்கம் உப்புநீர் புகுந்த கிணற்றிலும், எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்ப் படலம் மிதக்கும் கிணற்றிலும் பிளீச்சிங் பவுடரால் எந்தப் பயனும் இல்லை. அங்கே லாரித் தண்ணீரைக் கேட்டு மனு கொடுப்பதே சரியான வேலை.

6. மாடுகள்

ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல் வேண்டும். வைக்கோற்போர் நனைந்து பூஞ்சணம் பிடித்திருக்கும். அதைப் போட்டால் மாடு நோய்ப்படும். தீவனம் கிடைக்காத வாரத்தில்தான் வியாபாரிகள் வந்து பாதி விலைக்கு மாட்டை ஓட்டிச் செல்கிறார்கள். அந்த ஒரு வாரத்துக்கு ஊருக்கு உலர் வைக்கோல் ஏற்றி அனுப்பினால் பல வீடுகளில் மாடு மிஞ்சும். தடுப்பூசி முகாமுக்கும் இதே வாரத்தில் கேட்டுவிடுங்கள்.

7. வயல்

தண்ணீரை வடிக்காமல் உரம் இடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. வேர் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது போட்ட யூரியா வாய்க்காலோடு போய்விடும். முதலில் கடைமடை அடைப்பை எடுத்து, வயலை வடியவிட்டு, புதிய வெள்ளை வேர் வருகிறதா என்று ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் உயிரோடிருந்தால், ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது வேளாண் துறையினர் சொல்லிவரும் முறை. பயிரின் பருவத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் உதவி வேளாண் அலுவலரை வயலுக்கே அழைத்துக் காட்டுங்கள்.

பயிர் போய்விட்டது என்று உறுதியானால் வருந்திக்கொண்டிருக்க நேரமில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பாவுக்குப் பின் வரும் நெல் பருவமான நவரைப் பட்டம் டிசம்பர் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. கோ 51, ஆடுதுறை 43 போன்ற நூற்றுப்பத்து நாள் அளவிலான ரகங்களுக்கு ஏக்கருக்குச் சுமார் 24 கிலோ விதை போதும். பொங்கலுக்குப் பின் வந்து சேரும் அரிசி மூட்டையைவிட, பொங்கலுக்கு முன் வந்து சேரும் இந்த 24 கிலோ ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் பயன்படும். நன்கொடை தருபவர்களிடம் இதை விளக்கிச் சொல்லி, பணத்தின் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே விதைக்கென்று ஒதுக்கி வையுங்கள். விதையை வேளாண் விரிவாக்க மையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ சான்று அட்டை பார்த்து வாங்க வேண்டும்.

உடைப்பெடுத்த இடத்தை ஒட்டிய வயல்களில் மணல் மேடிட்டிருக்கும். அதை ஊருக்கு வெளியே எடுத்துச் செல்ல அனுமதி தேவை. நல்லெண்ணத்தோடு டிராக்டரில் ஏற்றினால் வழக்கு விவசாயியின் மேல் வரும்.

பயிர்க் காப்பீடு செய்தவர்களைத் தனியே கேளுங்கள். அறுத்து வயலிலேயே காயப்போட்ட கதிர், அறுவடையிலிருந்து 14 நாட்களுக்குள் புயல் மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். நின்ற பயிருக்கான இழப்பீடோ பெரும்பாலும் அந்தப் பகுதியின் மகசூல் கணக்கைக் கொண்டு முடிவாகிறது. தன் வயல் அழிந்தும் தொகை வராதவருக்கு இதை முன்பே விளக்கினால், அவர் கணக்கெழுதிய உங்கள் குழுவினரைச் சந்தேகிக்க மாட்டார்.

8. அட்டைகளும் மனுக்களும்

மூன்றாம் வாரத்தில் வண்டிகள் வருவது நின்றுவிடும். உங்கள் குழு கட்டாயம் இருக்க வேண்டிய வாரம் அதுவே.

தொலைந்த ஆதார், ரேஷன் அட்டை ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்திலும் வங்கிப் புத்தகத்துக்கு வங்கிக் கிளையிலும் ஒரு நாளைக் குறித்து, பத்துப் பதினைந்து பேராக அழைத்துச் செல்லுங்கள். கூலிக்குப் போகும் ஒருவர் இதற்காகத் தனித்தனியாக மூன்று நாள் இழக்க முடியாது.

பட்டா இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருப்பது பொன்னேரி வட்டத்து ஊர்களில் மிகச் சாதாரணம். வாரிசுச் சான்றும் பெயர் மாற்றமும் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிட்டு, அதன் ஒப்புகைச் சீட்டின் நகலை நிவாரண மனுவுடன் இணையுங்கள். குத்தகைதாரர் பெயர் அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நில உரிமையாளரையும் உட்கார வைத்துப் பேசி, தொகை வந்தால் உழுதவருக்கு எவ்வளவு என்பதை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொள்வது நல்லது. எல்லா உரிமையாளரும் ஒப்புக்கொள்வதில்லை; ஆனாலும் தொகை வந்த பிறகு கேட்பதைவிட வருவதற்கு முன் கேட்டால் ஒப்புக்கொள்கிறவர்கள் அதிகம்.

மனுவில் ஒரு குடும்பம், ஒரு கோரிக்கை, இணைப்பாகப் படம் என்ற அளவில் நிறுத்துங்கள். நகலில் தேதியிட்ட முத்திரை பெறாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பதில் இல்லையென்றால், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வேன் அமர்த்தி அழைத்துச் செல்லுங்கள். பழவேற்காட்டிலிருந்து திருவள்ளூருக்குத் தனியாகப் போய்வரும் செலவை எண்ணியே பலர் மனுவைக் கைவிடுகிறார்கள்.

9. வீடு

தற்காலிகக் குடிசைக்குச் சவுக்குக் கம்பு இப்பகுதியிலேயே கிடைக்கும். மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசி, இரண்டரை அடியாவது புதைத்து, மூலைகளில் குறுக்குக் கம்பு கொடுங்கள். குறுக்குக் கம்பு இல்லாத சட்டம் அடுத்த காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தார்ப்பாயை ஓட்டையிட்டு ஆணி அடிக்காமல், ஓரத்தில் கூழாங்கல்லைப் பொதிந்து கயிற்றால் கட்டினால் கிழியாது.

நிலையான வீட்டுக்கு நன்கொடையைத் தேடும் முன் அரசுத் திட்டத்தைப் பாருங்கள். குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்டும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. மனை சொந்தமாக இருக்க வேண்டும் என்பதால், புறம்போக்கில் இருக்கும் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா கேட்பதே முதல் வேலையாகிறது.

தரைமட்டத்தைச் சுவரிலுள்ள நீர்க்கோட்டுக்கு மேலே வையுங்கள். ஆனால் ஒரு மனையை மட்டும் மண் கொட்டி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். தெரு முழுவதற்கும் ஒரே மட்டத்தையும் வடிகாலையும் கொத்தனாரிடம் குறித்து வாங்கிய பின் வேலையைத் தொடங்குவதே முறை.

10. தொழிலும் கடனும்

வாரத் தவணைக் கடன் உள்ள பெண்களின் பட்டியலை எடுத்து, தவணையைத் தள்ளிவைக்கும்படி குழுவாகக் கடிதம் கொடுக்கச் செய்யுங்கள். தனியொருத்தி கேட்டால் கிடைக்காத அவகாசம் பத்துப் பேர் கையெழுத்துக்குக் கிடைத்தது.

பழவேற்காடு ஏரியில் முறைவைத்துத் தொழில் செய்யும் பாடு வழக்கம் உண்டு. வலை வாங்கித் தரும் முன், எந்த வகை, எந்தக் கண்ணளவு, யாருக்கு என்பதை ஊர்க் கூட்டத்தில் கேளுங்கள். ஒரு சிலருக்கு மட்டும் வேறு வகை வலையைக் கொடுத்தால், மீன் வரும் முன் சண்டை வரும்.

11. அடுத்த மழைக்கு முன்

ஜனவரி 26 கிராம சபையில் உடைந்த கரை, அடைந்த மதகு, தூர்ந்த வாய்க்கால் ஆகியவற்றை ஊர் மக்கள் இடம் குறிப்பிட்டுத் தீர்மானமாகப் பதிவு செய்யட்டும். பேசுவது அவர்களாக இருக்க வேண்டும், நீங்கள் வரைபடத்தையும் படங்களையும் தயார் செய்து கொடுத்தால் போதும். தவறினால் மார்ச் 22 இருக்கிறது. நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டத்தில் வாய்க்கால் தூர்வாரலைச் சேர்க்கச் சொல்லி அதே கூட்டத்தில் கேட்கலாம்.

ஆகஸ்டில் ஒருமுறை போய், அந்த மதகுகளை நேரில் திறந்து மூடிப் பாருங்கள். கணக்கு நோட்டை எடுத்துப் பெயர் பெயராக வாசித்து, தொகை வராதவர்களுக்கு முத்திரையிட்ட நகலுடன் நினைவூட்டல் மனு எழுதுங்கள். நோட்டின் ஒரு நகலைச் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைத்து, தண்ணீர் ஏறினால் யார் எந்த வீட்டு முதியவரைத் தூக்கி வருவது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவது, மாட்டை எந்த மேட்டில் கட்டுவது என்பதைக் கடைசிப் பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.